நெக்கர் நதியோரத்து ஆலை



ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் 1970-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஒரு வேடிக்கை வழங்கி வந்ததாகச் சொல்வார்கள். ஒரே ரகத்துக் காரை ஓட்டிக்கொண்டு எதிரெதிரே வரும் இருவர், ஒருவரையொருவர் கடக்கும்போது கையை உயர்த்தி விரல்களைக் காட்டிக்கொள்வார்கள். ஒருவர் இரண்டு விரல் காட்டுவார். மற்றவர் மூன்று விரல் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். தம் காரின் எஞ்சின் இதுகாறும் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதற்கு அவர்கள் சொல்லிக்கொண்ட கணக்கு அது!

அது ஏதோ மட்டரகமான கார் போலும் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள் ஒன்று கூடி 1968-ஆம் ஆண்டின் தலைசிறந்த கார் என்று தேர்ந்தெடுத்தது அதனைத்தான். அதன் பெயர் ரோ 80. அதைச் செய்த கம்பெனியின் பெயர் என். எஸ். யு. இன்று அப்பெயரில் புதிய கார் ஒன்றும் வருவதில்லை. மோட்டார் சைக்கிளும் வருவதில்லை. ஆனால் 1955-ஆம் ஆண்டில் உலகிலேயே மிகுதியான மோட்டார் சைக்கிள்களைச் செய்து விற்றது அந்தக் கம்பெனிதான். அவ்வளவு உயரத்திலிருந்து பதினான்கே ஆண்டுகளில் அது எவ்வாறு பிறர் கைக்குப் போயிற்று என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரை விளக்கிவிடுகிறேன். ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில், ஹைல்பிரான் என்ற நகருக்கு அருகில், நெக்கர் நதியோடு சுல்ம் என்னும் சிற்றாறு கலக்கிறது. அந்தக் கூடலில் அமைந்த ஊருக்கு நெக்கர்சுல்ம் என்றே பெயர். நம்மவர் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தைக் கூடுதுறை என்போம். அவர்கள் இரண்டு ஆற்றின் பெயரையும் சேர்த்து ஊருக்கு வைத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பெயரில் ஆங்காங்கே மூன்றெழுத்தைப் பொறுக்கி எடுத்ததே என். எஸ். யு. என்ற வாணிபப் பெயர்.

கம்பெனி பிறந்தது அவ்வூரிலும் அன்று. மோட்டார் தொழிலுக்காகவும் அன்று. 1873-ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் ஷ்மிட், ஹைன்ரிக் ஷ்டோல் என்ற இருவர், டான்யூப் நதிக்கரையிலுள்ள ரீட்லிங்கன் என்ற சிற்றூரில் ஒரு பட்டறை வைத்தார்கள். அவர்கள் செய்தது பின்னல் யந்திரம். காலுறையும் கம்பளிச் சட்டையும் பின்னுகின்ற யந்திரம். பின்னர் இருவரும் பிரிந்தனர். ஷ்டோல் பின்னல் யந்திரத்தையே பற்றிக்கொண்டு ராய்ட்லிங்கன் நகரில் பெரும்புகழ் ஈட்டினார். ஷ்மிட் 1880-ஆம் ஆண்டில் தம் பட்டறையைத் தூக்கிக்கொண்டு நெக்கர்சுல்முக்கு வந்தார். ஆற்று நீரின் விசையைக்கொண்டு யந்திரங்களை ஓட்டலாம் என்பதே அவரை அங்கே இழுத்தது. வந்த நான்காம் ஆண்டிலேயே, 1884-இல், அவர் காலமாகிவிட்டார். அவருடைய மைத்துனர் காட்லோப் பான்ஸாப் என்பவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

இந்த மைத்துனர் கூர்ந்த பார்வையுடையவர். பின்னல் யந்திரத்துக்குப் போட்டி பெருகுவதைக் கண்டார். சிறுசிறு உருக்கு உறுப்புகளைப் பிசகின்றிக் கடையவும், பல் வெட்டவும், மெருகிடவும் தம் தொழிலாளர் அறிவர். அந்தக் கைத்திறனுக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்று எண்ணினார். 1886-ஆம் ஆண்டில் ஆலை சைக்கிள் செய்யத் தொடங்கியது. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் முழங்காலளவுமாக இருந்த பழைய சைக்கிள் அது. 1892-க்குள் பின்னல் யந்திர வேலை அறவே நின்றுவிட்டது. இதற்கிடையில், டைம்லர் கம்பெனிக்காக மைபாக் வகுத்துத் தந்த உருக்குச் சக்கரக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை 1889-ஆம் ஆண்டில் இந்த ஆலையே செய்துகொடுத்தது. காருக்கான இரும்புக் குழாய்ச் சட்டம் கட்ட அந்நாளில் சைக்கிள்காரனை விட்டால் வேறு யார் உண்டு? மோட்டார் வரலாற்றின் முதல் ஏட்டிலேயே, பிறர் பெயருக்குப் பின்னால் ஒளிந்தபடி, இந்த ஆலை நுழைந்துவிட்டது.

1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. எஞ்சின் ஸ்விட்சர்லாந்திலிருந்து வாங்கியது, மற்றவை தம்முடையவை. இரண்டே ஆண்டில் எஞ்சினையும் தாமே செய்யக் கற்றுக்கொண்டார்கள். கார் செய்யும் வேலையும் அவ்வாறே நடந்தது. பெல்ஜியத்துக் கம்பெனி ஒன்றின் உரிமம் பெற்று 1905-ஐ ஒட்டித் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே தம் சொந்த மாதிரியைக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் பிறரிடம் கற்பது, பிறகு தாமே செய்வது என்னும் இந்த முறையை நான் மெச்சுகிறேன். பிற்காலத்தில் அவர்களிடமிருந்து இவ்வாறே கற்றுக்கொண்டு அவர்களையே விஞ்சியவர்கள் உண்டு. அதைப் பின்னே சொல்வேன்.

முதல் உலகப் போருக்குப் பிந்திய பணவீக்கமும், அளவுக்கு மீறிய விரிவும் கம்பெனியைக் கடனில் அமிழ்த்தின. ஹைல்பிரானில் புதிதாகக் கட்டிய கார் ஆலையை 1929-ஆம் ஆண்டில் இத்தாலியின் பியட் கம்பெனிக்கு விற்றார்கள். விற்றது கட்டடத்தை மட்டும் அன்று, என். எஸ். யு. பெயரைக் கார்களுக்குச் சூட்டிக்கொள்ளும் உரிமையையும் கூடவே கொடுத்துவிட்டார்கள். இந்த ஓர் ஒப்பந்தம் அவர்களை முப்பது ஆண்டுகள் துன்புறுத்தியது. 1933-இல் பெர்டினாண்ட் போர்ஷே என்ற பேரறிஞர் இவர்களுக்காக ஒரு சிறு காரை வகுத்துக்கொடுத்தார். எஞ்சின் பின்புறம், காற்றால் குளிர்வது, முதுகு வளைந்த உருவம். மாதிரி வண்டிகள் ஓடியும் காட்டின. பியட் ஒப்பந்தம் குறுக்கே நின்றமையால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பின்னர் உலகமெங்கும் வண்டு என்ற செல்லப் பெயருடன் ஓடிய வோக்ஸ்வாகன் காரின் முன்னோடிகளில் ஒன்று அது. சொத்தை விற்பவன் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நெக்கர்சுல்ம்காரர்கள் படித்துத்தான் கையெழுத்திட்டிருப்பார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது படித்தும் என்ன செய்வது?

கார் போயிற்று, மோட்டார் சைக்கிள் எஞ்சியது. இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனியிலிருந்து வால்டர் மூர் என்ற வகுப்பாளரை 1929-இல் அழைத்து வந்தார்கள். அவர் வந்து செய்த பந்தய வண்டி, நார்ட்டனில் அவர் முன்னர்ச் செய்த வண்டியை உரித்து வைத்தாற்போல் இருந்தது. என். எஸ். யு. என்ற மூன்றெழுத்துக்கு ‘நார்ட்டனின் உதிரிகளைக் கொண்டு செய்தது’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் ஒரு விரிவு கொடுத்து இங்கிலாந்துக்காரர்கள் நகைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் மறைக்கவும் கூடாது. அந்நாளில் இவ்வாலை ராணுவத்துக்காக உழைத்தது. பிற நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பைச் சுரண்டிய ஜெர்மன் தொழிற்சாலைகளில் இதுவும் ஒன்று. முன்னே மோட்டார் சைக்கிளின் சக்கரமும் பின்னே டாங்கியின் சங்கிலித் தடமும் பூண்ட விந்தையான வண்டி ஒன்றை, கெட்டன்கிராட் என்ற பெயரில், எட்டாயிரத்துக்கு மேல் செய்தார்கள். ரஷ்யாவின் சேற்றில் மற்ற வண்டிகள் புதைந்தபோதும் அது ஊர்ந்து சென்றது. போர் முடிந்தபின் அதே வண்டியைக் கொஞ்ச காலம் உழவர்க்கும் காட்டு வேலைக்காரர்க்கும் செய்து விற்றார்கள். பீரங்கி இழுத்த வண்டி, மரத்துண்டு இழுத்தது.

1945-இல் ஆலை இடிபாடாகக் கிடந்தது. அங்கிருந்து அடுத்த பத்தாண்டுகளில் அவர்கள் எழுந்த எழுச்சிக்கு இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் ஆல்பர்ட் ரோடர் என்ற தலைமை வகுப்பாளர். மற்றவர் 1953 முதல் தலைமை நிர்வாகியாக இருந்த ஷ்டீலர் பான் ஹைடகாம்ப்.

ரோடர் எளிய பொருளில் நுட்பத்தைப் புகுத்தும் ஆற்றல் படைத்தவர். இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்வதை விட்டு, உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகளாகச் செய்து சேர்க்கும் முறையைக் கையாண்டார். செலவு குறைந்தது, உறுதி கூடியது. 1952-இல் வந்த மாக்ஸ் என்ற மோட்டார் சைக்கிளில், எஞ்சினின் தலைப்பகுதியிலுள்ள வால்வுகளை இயக்கச் சங்கிலியோ பல்சக்கரமோ வைக்காமல், பழைய ரயில் எஞ்சினின் சக்கரங்களைத் தள்ளும் தண்டுகளைப் போன்ற இரு சிறு தண்டுகளை வைத்தார். ஓசை அடங்கியது, தேய்மானம் குறைந்தது. அடுத்த ஆண்டில் குயிக்லி வந்தது. மிதிகட்டைகளோடு கூடிய சின்னஞ்சிறு மோட்டார் வண்டி அது. எஞ்சின் 49 கன சென்டிமீட்டர். தபால்காரரும், தாதியும், ஆலைக்குப் போகும் பெண்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது அந்த வண்டி.

பந்தயங்களிலும் அவ்வாறே. வெர்னர் ஹாஸ் என்ற இளைஞர் 1953-இல் இரண்டு பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். மோட்டார் சைக்கிளில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஜெர்மானியர் அவரே. அடுத்த ஆண்டு மான் தீவில் நடந்த 250 சி.சி. பந்தயத்தில் முதல் நான்கு இடங்களும் என். எஸ். யு. வண்டிகளுக்கே கிடைத்தன. அந்தப் பந்தயத்தைக் காண்பதற்கென்றே ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. தம் வண்டிகளின் ஆற்றலுக்கும் இவற்றின் ஆற்றலுக்கும் உள்ள தூரத்தைக் கண்டு அவர் திகைத்தார். திகைத்துவிட்டு ஊர் திரும்பி வேலையைத் தொடங்கினார். பிறகு நடந்ததை நாம் அறிவோம்.

அதே 1954-இல் இத்தாலியின் மொன்ஸாவில் பயிற்சி ஓட்டத்தின்போது ரூபர்ட் ஹோலவுஸ் என்ற ஆஸ்திரிய வீரர் விபத்தில் மாண்டார். அவ்வாண்டின் 125 சி.சி. பட்டம் அவர் இறந்த பின்னரே அவருக்குச் சேர்ந்தது. கம்பெனி தன் பந்தயக் குழுவை அத்துடன் விலக்கிக்கொண்டது. அதன் பிறகு வேகச் சாதனைகளுக்கு மட்டும் வண்டி அனுப்பினார்கள். வில்ஹெல்ம் ஹெர்ஸ் என்பவர் 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா உப்பு வெளியில் மணிக்கு ஏறக்குறைய 339 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்.

உச்சியில் நின்ற அந்த நேரத்திலேயே காலடி மண் சரிந்துகொண்டிருந்தது. போர் முடிந்து பத்தாண்டு கடந்து, ஜெர்மானியர் கையில் பணம் புரளத் தொடங்கியது. மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் போனவன், மனைவி மக்களோடு உள்ளே உட்கார்ந்து போக ஒரு கார் கேட்டான். 1957-க்குள் மோட்டார் சைக்கிள் வாணிபம் வீழ்ந்தது; பெயர்பெற்ற பல கம்பெனிகள் மூடப்பட்டன. என். எஸ். யு. விழித்துக்கொண்டு பிரின்ஸ் என்ற சிறு காரைக் கொண்டுவந்தது. பின்புறத்தில் 600 சி.சி. அளவுள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். 20 குதிரைச் சக்தி. நல்ல கார்தான். பெயரைப் பற்றிப் பியட்டுடன் பழைய வழக்கு மீண்டும் முளைத்தது. ஹைல்பிரான் ஆலை தன் கார்களுக்கு நெக்கர் என்று பெயர் மாற்றிக்கொள்ளும்வரை அது ஓயவில்லை.

சிறு கார் விற்று வரும் சிறு இலாபத்தில் பெரிய கம்பெனிகளை எதிர்த்து நிற்க முடியாது என்பதை ஹைடகாம்ப் உணர்ந்திருந்தார். மற்றவரிடம் இல்லாத ஒன்று வேண்டும். அது அவருடைய ஆராய்ச்சிக் கூடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது.

பெலிக்ஸ் வாங்கல் என்பவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1902-இல் லார் நகரில் பிறந்தவர்; கல்லூரிப் படிப்பு இல்லாதவர்; பார்வைக் குறைவினால் வாழ்நாள் முழுவதும் கார் ஓட்டும் லைசென்சு பெறாதவர். இளமையிலேயே நாஜிக் கட்சியிற் சேர்ந்து, உட்பூசலில் வெளியேற்றப்பட்டு, பின்னர் அவ்வாட்சிக்கே பணி செய்தவர். அதை நான் பாராட்ட இயலாது. அவருடைய மூளையைப் பாராட்டாமல் இருக்கவும் இயலாது. பிஸ்டன் இல்லாத எஞ்சின் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. 1929-லேயே அதற்குக் காப்புரிமை ஒன்றும் பெற்றிருந்தார்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழுமாகப் பாய்கிறது. உச்சிக்குப் போய் நின்று, திரும்பி, அடிக்கு வந்து நின்று, மறுபடியும் திரும்புகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நின்று நின்று ஓடுவதனால் அதிர்ச்சி உண்டாகிறது, சக்தியும் வீணாகிறது. வேண்டியதோ சக்கரத்தின் சுழற்சி. அப்படியிருக்க எஞ்சினின் உள்ளுறுப்பே சுழன்றால் என்ன?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் போதித்தார்கள். ஆகவே நேயர்கள் இரண்டு பருப்புள்ள ஒரு நிலக்கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நீளவாக்கில் பிளந்தால் தோட்டின் விளிம்பு எப்படி இருக்கும்? நீள்வட்டமாக, ஆனால் இடை சற்றே ஒடுங்கி இருக்கும். வாங்கல் எஞ்சினின் உட்சுவர் ஏறத்தாழ அந்த வடிவம். அதனுள்ளே பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் எந்த நேரத்திலும் சுவரைத் தொட்டுக்கொண்டே செல்லும். முக்கோணத்தின் பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. முக்கோணம் உருள உருள ஒவ்வோர் அறையும் விரிந்து சுருங்குகிறது. விரியும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன, சுருங்கும்போது அழுந்துகின்றன, பொறி தட்டி எரிந்து தள்ளுகின்றன, மறுபடியும் சுருங்கும்போது புகையாக வெளியேறுகின்றன. வால்வு இல்லை, மேலும் கீழும் பாயும் உறுப்பு ஒன்றும் இல்லை. முக்கோணம் ஒருமுறை சுற்றினால் நடுத்தண்டு மூன்றுமுறை சுற்றும்.

1957-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி நெக்கர்சுல்மில் முதல் எஞ்சின் ஓடியது. அந்த முதல் வடிவத்தில் உள்ளே இருக்கும் முக்கோணம், வெளிக்கூடு இரண்டுமே சுழன்றன. அழகான தத்துவம், ஆனால் எரிபொறி மாட்டிய பிளக்கு ஒன்றை மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே கழற்ற வேண்டும். ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற ஆலைப் பொறியாளர், வெளிக்கூட்டை அசையாமல் நிறுத்தி முக்கோணத்தை மட்டும் சுழலச் செய்தார். காருக்கு ஏற்றது அதுதான். வாங்கலுக்கோ கோபம்! தம் பந்தயக் குதிரையை ஏர்மாடு ஆக்கிவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். என் எண்ணத்தில் பாஷ்கே செய்ததே சரி.

செய்தி வெளியே பரவியதும் உலகத்துக் கம்பெனிகள் நெக்கர்சுல்ம் வாயிலில் வரிசை நின்றன. அமெரிக்காவின் கர்ட்டிஸ்-ரைட் 1958-லேயே உரிமம் வாங்கியது. ஜப்பானின் டோயோ கோக்யோ, அதாவது மாஸ்டா கார் செய்யும் கம்பெனி, 1961-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. டைம்லர்-பென்ஸ் வாங்கியது; பின்னர் ஜெனரல் மோட்டார்ஸும் வாங்கியது. பங்குச் சந்தையில் என். எஸ். யு. பங்கின் விலை வானத்தைத் தொட்டது. 1964-இல் ஸ்பைடர் என்ற இரட்டை இருக்கைக் காரில் அந்த எஞ்சினை முதலில் பொருத்தினார்கள். மொத்தம் 2,375 வண்டிகளே செய்யப்பட்டன. அதைச் சோதனை வண்டி என்றே கொள்ள வேண்டும்.

1967-இல் ரோ 80 வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் கிளவுஸ் லூத்தே. மூக்குத் தாழ்ந்து, வால் உயர்ந்து, காற்றைக் கிழித்துச் செல்லும்படி அமைந்த அந்த உருவத்தை இன்று பார்த்தாலும் பழைய கார் என்று சொல்லத் தோன்றாது. மற்றவர்கள் அந்த வடிவத்துக்கு வந்து சேர ஏறக்குறைய பதினைந்து ஆண்டு பிடித்தது. இரட்டை முக்கோண எஞ்சின். 115 குதிரைச் சக்தி. மணிக்கு 180 கிலோமீட்டர். முன்சக்கரங்களே இழுக்கும். நான்கு சக்கரத்துக்கும் தட்டுப் பிரேக். கிளச்சு மிதிகட்டை கிடையாது. கியர்த் தண்டின் குமிழைத் தொட்டாலே கிளச்சு தானாக விலகும். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே உள்ளே இருப்பவருக்குத் தெரியாதாம்.

குறை எங்கே இருந்தது? முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சிலிண்டர்ச் சுவரில் பட்டையாகப் படிந்திருப்பவை. இங்கேயோ ஒவ்வொரு முனையிலும் பொருத்திய மெல்லிய தகடு, ஒரு கோட்டளவே சுவரைத் தொட்டுக்கொண்டு பெரும் வேகத்தில் வழுக்கி ஓட வேண்டும். ஒரு பக்கத்து நெருப்பு அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கவும் வேண்டும். அந்தத் தகடுகள் தேய்ந்தன. தேய்ந்ததும் அழுத்தம் கசிந்தது, கார் புகை கக்கிற்று, இழுவை குன்றிற்று. சிலருக்கு 50,000 கிலோமீட்டர் கூட எஞ்சின் தாங்கவில்லை. அதிர்ச்சியே இல்லாத எஞ்சினாதலால் ஓட்டுகிறவர் தம்மை அறியாமல் அளவுக்கு மீறி விரட்டினார்கள். பின்னர் அதற்கென்றே ஓர் எச்சரிக்கை ஒலிக் கருவியைப் பொருத்த வேண்டியதாயிற்று. பழுது பார்க்கும் பட்டறைக்காரர்க்கோ இந்த எஞ்சின் புதிது. பிளக்கில் கோளாறு என்றாலும், எதற்கு வம்பு என்று எஞ்சினையே கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார்கள்.

இங்கேதான் கம்பெனியின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். வாடிக்கைக்காரர் முறையிட்டு வந்தபோது அவர்கள் வாதாடவில்லை. பணம் கேட்காமல் புதிய எஞ்சின் கொடுத்தார்கள். ஒருமுறை, இருமுறை, மும்முறை கொடுத்தார்கள். முதலில் சொன்ன விரல் கணக்கு பிறந்தது அந்தத் தாராளத்தினால்தான். ஆயினும் இதை எண்ணும்தோறும் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. முனைத் தகடு தேய்வது ஆராய்ச்சிக் கூடத்தில் அறியாத செய்தியன்று. இன்னும் இரண்டாண்டு பொறுத்திருந்தால் என்ன? பொறுத்திருந்தால் பணம் தீர்ந்திருக்கும் என்பது ஒரு விடை. பொறுக்காததனால் பணம் தீர்ந்தது என்பது நடந்த கதை. ஐம்பது மாணவர் கொண்ட வகுப்பிலும் முந்திரிக்கொட்டைபோல முந்திக்கொண்டு கையைத் தூக்குகிறவன் ஒருவன் இருப்பான். பெரும்பாலும் அவன் விடை பாதி சரியாக இருக்கும். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வந்ததில்லை.

வாங்கல் எஞ்சினே என். எஸ். யு.வைக் கொன்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது முழு உண்மை அன்று. சிறிய கம்பெனி பெரிய கம்பெனிகளுக்குள் கரைந்துகொண்டிருந்த காலம் அது. புதிய எஞ்சினை வளர்க்கவும், கே 70 என்ற வேறொரு நடுத்தரக் காரை உருவாக்கவும், மாற்று எஞ்சின் வழங்கவும் ஒரே கஜானாவிலிருந்து எடுத்தார்கள். வோக்ஸ்வாகன் கை நீட்டியது. 1969-இல் என். எஸ். யு., வோக்ஸ்வாகனின் கிளையாகிய ஆட்டோ யூனியனுடன் இணைக்கப்பட்டது. பங்குதாரர்கள் கெட்டிக்காரர்கள், வாங்கல் எஞ்சின் உரிமத்தால் இனி வரும் வருமானத்தில் தமக்குப் பங்கு வேண்டும் என்று வாதாடி, அதற்கெனத் தனிப் பத்திரம் பெற்றுக்கொண்டார்கள். ஜெனீவாக் கண்காட்சிக்குப் புறப்பட இருந்த கே 70 கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டில் வோக்ஸ்வாகன் சின்னம் தாங்கி வெளிவந்தது. பெற்றவள் ஒருத்தி, பெயரிட்டவள் மற்றொருத்தி!

ரோ 80 கார் மட்டும் பழைய பெயருடனேயே தொடர்ந்தது. முனைத் தகட்டின் பொருளை மாற்றியபின் குறை பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் கெட்ட பெயர் நீங்கவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. இந்த எஞ்சினுக்கோ பெட்ரோல் தாகம் அதிகம். 1977-இல் உற்பத்தி நின்றது. பத்தாண்டுகளில் செய்யப்பட்டவை முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் கார்கள்.

ஜப்பானியர் என்ன செய்தார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். அவர்களுக்கும் அதே தொல்லைதான். முனைத் தகடு அதிர்ந்து அதிர்ந்து சுவரில் வரிவரியாகத் தழும்பு உண்டாக்கிற்று. அதைப் பிசாசின் நகக்கீறல் என்று அவர்கள் அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் நாற்பத்தேழு பொறியாளர்கள் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு உழைத்தார்கள். கரியும் அலுமினியமும் கலந்த தகடு ஒன்றைக் கண்டார்கள். 1967-இல் ரோ 80 வெளிவந்த அதே ஆண்டில் அவர்களுடைய காஸ்மோ காரும் வெளிவந்தது. 1991-இல் பிரான்சின் லெ மான் நகரத்து இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார் முதலில் வந்தது. 2012 வரை அவர்கள் அதை நேராகச் சக்கரம் ஓட்டும் எஞ்சினாகச் செய்தார்கள்; 2023-இல் மின்சாரக் காரின் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் துணை எஞ்சினாக அதை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

நெக்கர்சுல்ம் ஊருக்கு என்ன ஆயிற்று? அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனியின் பெயர் போனால் சரித்திரக்காரர் வருந்துவர். ஆலை போனால் ஊரே பட்டினி கிடக்கும். எண்ணெய் நெருக்கடியால் வோக்ஸ்வாகன் பெரு நஷ்டத்தில் இருந்தது. 1975-இல், நெக்கர்சுல்ம் ஆலையை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. தாத்தா சைக்கிள் செய்த ஆலை. அப்பா மோட்டார் சைக்கிள் செய்த ஆலை. அவ்வாண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி ஏறக்குறைய ஏழாயிரம் தொழிலாளர்கள் ஆலையிலிருந்து புறப்பட்டு ஹைல்பிரான் நகருக்கு நடந்தே சென்றார்கள். ஆலை மூடப்படவில்லை. ஆனால் பல்லாயிரவர் வேலை செய்த இடத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. நடந்து சென்றவர்களில் எத்தனையோ பேர் வேலையிழந்தார்கள். எஞ்சியவர்களுக்குப் போர்ஷே கம்பெனியின் 924 என்ற காரைச் சேர்த்து முடிக்கும் வேலை கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு போர்ஷே வகுத்த காரைச் செய்ய இயலாமல் கைவிட்ட அதே ஆலையிலிருந்து போர்ஷே பெயர் தாங்கிய கார்கள் வெளிவந்தன.

1985-ஆம் ஆண்டில் கம்பெனியின் பெயர் ஆடி என்று சுருங்கியது. தலைமை நிலையம் இங்கால்ஷ்டாட் நகருக்குப் போயிற்று. அலுவலகப் பலகையிலிருந்து மூன்றெழுத்தும் நீங்கின. ஆலை நீங்கவில்லை. முழுவதும் அலுமினியத்தால் உடலமைத்த ஏ 8 என்ற காரை 1994 முதல் அங்கேதான் செய்தார்கள். ஊருக்குள், ஜெர்மன் வீரத்துறவியர் கட்டிய பழைய கோட்டை ஒன்றில், 1956 முதல் இருசக்கர வண்டிகளுக்கென ஒரு காட்சிசாலை இருந்து வருகிறது. அதன் பெயரில் மட்டும் அந்த மூன்றெழுத்து இன்னும் இருக்கிறது.